ஐந்து கேன் தாங்கிய தூளி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. வீட்டுக்குப் பின்னால் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் ஐந்தை வரிசையாக வைத்துவிட்டு, புருஷன் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று விரட்டினாள் தையற்காரி.

“எனக்குன்னு சொல்லித்தானே தைச்ச? இப்போ கேனைப் படுக்க வைக்கிற?”

“முதல்ல அது படுக்கட்டும். அப்புறம் நீங்க.”

“அதென்ன, புது மாப்பிள்ளையா? எனக்கு முன்னாடி அதுக்கு மரியாதை?”

அவள் சிரிக்கவில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

அவனைத் தெருவில் எல்லோரும் குழாய்க்காரன் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குழாய் வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, அணைக்கட்டுக்கு மேலே காட்டோரமாகக் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குவார்கள். மற்றவர்கள் மரத்துக்கு மரம் தொங்கு படுக்கை கட்டி ஆடிக்கொண்டு கிடப்பார்கள். இவன் மட்டும் தார்ப்பாயை விரித்துத் தரையில் படுத்து, எறும்புக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு, முதுகைச் சொறிந்தபடி வீடு வந்து சேருவான். தையற்காரியைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறாயே என்று கூட வந்தவர்கள் வேறு ஏற்றிவிடுவார்கள். எட்டு வருஷமாக அவன் நச்சரிப்பதும், “கழுதை வயசாகுது, தூளி கேக்குதா உங்களுக்கு?” என்று அவள் வாயை அடைப்பதும் வழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்டவள் போன வாரம் தானாகவே வந்து, “தூளி ஒன்னு தைக்கலாம்னு இருக்கேன்” என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரைப் பார்த்தாலும் அதே பேச்சுதான். பாவம், அந்தத் தூளி அவனுக்காக இல்லை. ஒரு நூல் ஆளைத் தாங்குமா தாங்காதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதற்கு வேறு வழி கிடைக்கவில்லை. இதைப் புருஷனிடம் சொல்லும் தைரியமும் அவளுக்கு இல்லை.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பைகள் தைப்பார்கள். மறுபக்கம், உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட். தோள், இடுப்பு, தொடை என்று உடம்பைச் சுற்றி வரும் பட்டைகள் எல்லாம் முதுகுக்கு நடுவில் ஓர் இரும்பு வளையத்தில் வந்து சேரும். கயிறு மாட்டுவது அந்த வளையத்தில்தான். கால் தவறினால் மொத்த ஆளும் அதில்தான் தொங்குவான். வளையத்தைப் பிடித்திருக்கும் பட்டையை மடித்துத் தைப்பது பதினேழாம் மெஷினின் வேலை. பதினோரு வருஷமாக அந்த மெஷினில் உட்காருகிறவள் இவள்தான். பெட்டி மாதிரி நான்கு பக்கமும் ஓட்டி, உள்ளே குறுக்கே ஒரு பெருக்கல் குறி போடுவாள். பெல்ட்டின் உள்பக்கத் துணிச்சீட்டில் தேதியும் மெஷின் நம்பரும் அச்சடித்திருக்கும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கே பெல்ட் நூல் தீர்ந்துவிட்டது. புது நூல் கொண்டுவர வேண்டிய லாரி வழியில் எங்கேயோ படுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முந்நூற்று இருபது பெல்ட் போயாக வேண்டும். அந்த வரிசையை மேற்பார்க்கும் லைன் மாஸ்டர் பை தைக்கும் பக்கத்திலிருந்து நான்கு கோன் கறுப்பு நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“மாஸ்டர், இது பை நூலு.”

“எனக்கும் கண்ணு இருக்கு. ரெண்டும் கறுப்புதானே?”

“அறுந்துடும் மாஸ்டர்.”

“ஒரு தடவை ஓட்டுற இடத்துல ரெண்டு தடவை ஓட்டு. பை நூலு ரெண்டு சேர்ந்தா பெல்ட் நூலு ஒன்னு. சரியாப் போச்சா?”

சரியாகப் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பெல்ட் நூலை இரண்டு விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் விரல்தான் அறுபடும், நூல் அறாது. பை நூல் பட்டென்று கையோடு வந்துவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும். ஆனாலும் அவள் தைத்தாள். மாஸ்டர் தலைக்கு மேல் நின்றார், பக்கத்து மெஷின்காரி பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினாள், கை தானாக ஓடியது. பெல்ட்டுகளை இழுத்துச் சோதிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் அன்றைக்கு லீவு. இழுக்காமலே முத்திரை குத்தி, ஆறு மணிக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அவளைக் கட்டிப்போட்டா தைக்கச் சொன்னார்கள்? இல்லை. முடியாது என்று எழுந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இதை அவளே தனக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் துடைக்கிறவர்கள் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முதுகு வளையம் தெரிகிறதா என்று கழுத்து வலிக்க எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அண்ணாந்து பார்க்காமல் தெருவில் நடக்க முடியவில்லை. பெயின்ட் அடிக்கிறவன், விளம்பரப் பலகை மாட்டுகிறவன், செல்போன் கோபுரத்தில் ஏறுகிறவன் என்று ஊரில் இத்தனை பேர் அந்தரத்தில் தொங்குகிறார்கள் என்பதே அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. சோறு இறங்கவில்லை.

மாஸ்டரிடம் ஒருதரம் மென்று விழுங்கிக் கேட்டும் பார்த்தாள். “ரெண்டு தடவை ஓட்டுனல்ல? போ, போய் வேலையப் பாரு,” என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாமே என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஒற்றை நூல் அறும், சரி. ஒரு பெட்டிக்கு எண்பத்துநான்கு தையல் இருக்கிறது. எண்பத்துநான்கும் சேர்ந்து ஓர் ஆளைத் தாங்காதா? தாங்கும் என்றால் வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார்க்கலாம். தாங்காது என்றால் சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் அப்புறம்.

மிச்சமிருந்த ஒரு கோனைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, வாசல் சோதனையைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பதினோரு வருஷத்தில் அங்கிருந்து ஓர் ஊசிகூட எடுத்து வந்தவளில்லை. பட்டைக்கு, எப்போதோ காசு கொடுத்து வாங்கிய கழிவுத் துண்டுகள் வீட்டிலேயே கிடந்தன. கடையில் பாராசூட் துணி மூன்று மீட்டர் வாங்கினாள். நீளவாக்கில் ஓரம் மடித்து அடித்தாள். இரண்டு தலைப்பையும் கயிறு நுழைகிற மாதிரி குழலாக மடித்துத் தைத்தாள். இதெல்லாம் வீட்டில் இருந்த நல்ல நூலில். குழலுக்குள் கயிற்றை விட்டுச் சுருக்கி இழுத்ததும் துணி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து படகு மாதிரி குழிந்துகொண்டது. அந்தக் கயிறு போய் மாட்டுவது, பட்டைத் துண்டை வளையமாக மடித்த ஒரு காதில். விஷயமே அந்தக் காதை மடித்துத் தைப்பதில்தான் இருந்தது.

வீட்டு மெஷின் அந்தத் தடிமனுக்குத் திணறியது. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பி, ஒவ்வொரு தையலாக இறக்கினாள். அதே பை நூல், அதே பெட்டி, அதே பெருக்கல் குறி, அதன் மேலேயே இன்னொரு சுற்று. எண்ணிக்கொண்டே போட்டாள். ஒரு காதுக்கு எண்பத்துநான்கு. மறு காதுக்கும் எண்பத்துநான்கு.

குழாய்க்காரன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“டைலரம்மா, என் தூளிக்கு ஒரு பாக்கெட் வை. போன் வைக்கணும்.”

“வைக்கிறேன்.”

“தண்ணி பாட்டிலுக்கு ஒன்னு.”

“வைக்கிறேன்.”

“கேட்டதெல்லாம் வைக்கிறேங்கிற! உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

இப்போது அந்தத் தூளி பின்பக்கத்து மரத்துக்கும், துணி காயப்போட சிமென்ட்டில் ஊன்றிய இரும்புக் கம்பத்துக்கும் நடுவில் தொங்கியது. முதல் கேனை ஏற்றினாள். இரண்டு காதுகளுக்கும் போய், மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து தையலைப் பார்த்தாள். இரண்டாவது கேன், மறுபடியும் குனிந்து பார்த்தாள். மூன்றாவதற்குக் கம்பம் லேசாக முனகியது. நான்காவதையும் ஐந்தாவதையும் ஏற்றினாள். நூறு லிட்டர், நூறு கிலோ. கையில் சாமானோடு தொங்குகிற ஆள்கூட அநேகமாக அவ்வளவு கனம் இருக்கமாட்டான். நூல் அசையவில்லை.

அப்படியே விட்டு வைத்தாள். அரைமணிக்கு ஒருதரம் வந்து பார்த்தாள். வெயில் ஏறி இறங்கியது. நாலு மணிக்கு நகத்தால் தையலை நிமிண்டிப் பார்த்தாள். எட்டு மணி நேரத்தில் ஒரு தையல்கூட இளகவில்லை. அவள் சமையற்கட்டுக்குப் போய், ஆறிப்போன சோற்றை நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டாள். பன்னிரண்டு நாள் பசி. முந்நூற்று இருபது பேரும் பத்திரமாகக் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி அவளுக்கு இருந்தது.

“இப்பவாவது எனக்கு இடம் உண்டா?” என்று கேட்டுக்கொண்டே குழாய்க்காரன் வந்தான். கேன்களை இறக்கி வைத்துவிட்டு, பக்குவமாக உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே போட்டுப் படுத்தான். எண்பத்திரண்டு கிலோ. தூளி ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

“அடேயப்பா! எறும்புக்கே எழுதி வச்சிருந்த முதுகு இது. இன்னிக்குத்தான் விடுதலை.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் ஒரு காலால் தரையை உதைத்து ஆடிக்கொண்டே, நேற்று வேலைக்குப் போன கட்டடத்துக் கதையை ஆரம்பித்தான். கீழ்த்தளத்தில் குழாய் வெடித்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதாம்.

“புதுக் குழாய். போட்டு ஆறு மாசம்கூட ஆகல. நானே போட்டது, நானே சோதிச்சது. ஒருநாள் முழுக்கத் தண்ணிய ஏத்தி நிறுத்தி வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு கசியல.”

“அப்புறம் எப்படி வெடிச்சுது?” ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

“மேல எவனோ ஒரு புண்ணியவான், ஓடுற தண்ணிய வால்வத் திருப்பிப் படக்குனு நிறுத்தியிருக்கான். நிக்கிற தண்ணி குழாய ஒன்னும் பண்ணாது, எவ்வளவு வேணா நிக்கட்டும். ஓடி வர்ற தண்ணி சட்டுனு நின்னாத்தான் உதைக்கும். அது பத்து மடங்கு உதை. இரும்பே பிளந்துடும்.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“அப்போ நிறுத்தி வச்சு சோதிச்சது?”

“அது வேற, இது வேற. என் தப்புதான். உதைக்குத் தாங்குதான்னு பாத்திருக்கணும், பாக்கல.”

அவள் தரையில் வரிசையாக இருந்த ஐந்து கேன்களையும் பார்த்தாள். பெல்ட்டில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை. விழுகிறவன்தான் அதில் தொங்குகிறான், அதுவும் ஓடி வந்து சட்டென்று நிற்கிறவனாக. பதினோரு வருஷம் பெல்ட் தைத்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்கலாம். தெரியாதுதான். அவள் இடத்தில் இருந்த இழுவை மெஷின் மெல்ல மெல்லத்தான் இழுக்கும். சோதனை என்றால் அதுதான் என்று அந்த லைனில் இருந்த அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள். யாரும் அதில் விழுந்து பார்த்ததில்லை.

“எறங்குங்க.”

“இப்பத்தானே படுத்தேன்?”

“எறங்குங்கன்னா எறங்குங்க. போய்க் குளிச்சுட்டு வாங்க.”

அவன் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும், அவள் துணி துவைக்கும் கல்லில் கால் வைத்துச் சுற்றுச்சுவர் மேல் ஏறினாள். நெஞ்சுயரச் சுவர், தூளிக்கு ஒட்டினாற்போல் ஓடியது. கேன்களைத் தூக்கிப் போட்டே பார்த்திருக்கலாம். அந்த யோசனையும் அவளுக்கு வந்தது. ஆனால் முந்நூற்று இருபது பேரை உயரத்தில் ஏற்றி விட்டுவிட்டு, தான் மட்டும் தரையில் நின்று கேனைப் போட்டு வேடிக்கை பார்ப்பது அசிங்கமாகப் பட்டது. நல்ல புத்தி உள்ளவள் செய்கிற காரியம் இல்லைதான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த வாக்கில் தூளிக்குள் குதித்தாள்.

டர்ரென்று ஒரு சத்தம். தப்பாகப் போன தையலைப் பிரிக்கும்போது தினமும் கேட்கிற சத்தம்தான். அதற்குள் இடது கை சிமென்ட் தரையில் மடங்கி, உடம்பு அதன் மேல் விழுந்திருந்தது.

குழாய்க்காரன் சோப்பு நுரையோடு இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். “சுவத்து மேல ஏறுனியா? பைத்தியமா உனக்கு?” என்று கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. மரத்துப் பக்கத்துக் காதை வலது கையால் இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி கிழியவில்லை. பட்டையும் கிழியவில்லை. நூல் மட்டும்தான் போயிருந்தது. பட்டையில் ஊசித் துளைகள் பெட்டியும் பெருக்கல் குறியுமாக வரிசை மாறாமல் காலியாக இருந்தன.

மணிக்கட்டில் எலும்பு விரிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு, அது காய்கிற வரைக்கும் மருத்துவமனைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கே வைத்துத்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி வராதது, நான்கு கோன், இரண்டு தடவை ஓட்டியது, சாப்பாட்டு டப்பா. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவன் முதலில் கேட்டது தூளியைப் பற்றித்தான்.

“எனக்குத் தூளி தைக்கிறேன்னு சொன்னது?”

“பொய்.”

“அதுல என்னைப் படுக்க வச்ச.”

“கேன் தாங்குச்சு. அதுக்கப்புறம்தான்...”

“என்னைப் படுக்க வச்ச,” என்றான் மறுபடியும். குரலில் கோபம்கூட இல்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நர்ஸ் வந்து கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“நாளைக்கு நான் வேலைக்குப் போகல. உன்னை வண்டியில கொண்டு விடுறேன்.”

“என் மேல கோபம் இல்லையா?”

“இருக்கு. அதுக்காக ஒத்தக் கையோட பஸ்ல தொங்கிக்கிட்டுப் போவியா?”

திங்கட்கிழமை காலை அவள் மெஷினுக்குப் போகவில்லை. நேராக மாஸ்டரின் கண்ணாடித் தடுப்பு அறைக்குப் போய், பிரிந்த பட்டைக் காதை அவர் மேஜை மேல் வைத்தாள்.

“அதே நூலு. அதே மாதிரி ரெண்டு தடவை ஓட்டுனது. சுவத்து உசரத்துக்கே தாங்கல மாஸ்டர்.”

மாஸ்டர் சீறி விழுவார், இல்லை கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பெல்ட்டை எடுத்து, பட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தார். முதுகு வளையம் தனியாகக் கழன்று பைக்குள் கிடந்தது. பட்டையில் அதே பெட்டி, அதே பெருக்கல் குறி, அதே காலித் துளைகள்.

“வெள்ளிக்கிழமை வந்துச்சு,” என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் தூளிக்குத் தண்ணீர் பாட்டில் பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தெரிந்துகொள்ள அலைந்தது அன்றைக்கே தெரிந்துபோய், இங்கே இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஆளு?”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மத்த இடத்துக்கெல்லாம் சொல்லியாச்சா? மீதி முந்நூத்திப் பத்தொம்பது இருக்கே?”

“மேல பேசிக்கிட்டிருக்காங்க.”

“மூணு நாளாவா?”

“இது சின்ன விஷயம் இல்லம்மா. யாரால வந்துச்சுன்னு எழுத்துல இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.” ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “நூல் மாறினது தெரியாம நானே எடுத்துப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. மீதிய நான் பாத்துக்கிறேன். உன்னை அம்போன்னு விட்டுட மாட்டேன்.”

அவர் என்ன பார்த்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். பூசி மெழுகிவிட்டுக் கையைக் கழுவுவார். நான் எழுத மாட்டேன், நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று சண்டை பிடிக்கலாம். நியாயமும் அதுதான். ஆனால் சண்டை முடிவதற்கு எத்தனை நாள் ஆகும், அத்தனை நாளும் எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள்? பெட்டிகள் போன இடங்களின் பட்டியல் இந்த அறையில்தான் எங்கேயோ இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவளால் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடத்தான் முடியும்.

“எழுதித் தர்றேன். பெட்டி போன இடத்து லிஸ்ட்டக் குடுங்க.”

“அது எதுக்கு உனக்கு?”

“குடுத்தா எழுதுறேன்.”

மாஸ்டர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஒரு கோப்பைப் புரட்டி, ஒரு தாளை உருவி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் எழுதினாள். மெஷின் நம்பர், தேதி, எத்தனை பெல்ட், என்ன நூல். அவர் தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

“தெரிஞ்சுதான்னு எழுதுற. தெரியாமன்னு போடும்மா. உனக்குத்தான் நல்லது.”

“தெரிஞ்சுதான் தைச்சேன் மாஸ்டர்.”

“என் பேரு அதுல வரக் கூடாது.”

“வரல.”

கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினாள். அவர் விரலை எடுத்தார்.

குழாய்க்காரன் கேட்டுக்கு வெளியே வண்டியோடு காத்திருந்தான். அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையில் போனை எடுத்தாள். பட்டியல் காற்றில் பறக்காமல் அவன் பிடித்துக்கொண்டான். நான்கு இடங்கள், நான்கு நம்பர். மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில், ‘ஒன்று திரும்ப வந்தது’ என்று எழுதியிருந்தது. அவள் அந்த வரியைத் தாண்டி மற்ற இடங்களை முதலில் கூப்பிட்டாள்.

முதல் இடத்தில் பெட்டியையே இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காதீர்கள் என்றாள். சரி என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஓர் ஆள் முறுக்கினான். “கம்பெனி லெட்டர் இல்லாம நான் எப்படிம்மா வேலைய நிறுத்துறது?” என்றான். “லெட்டர் வர்றதுக்குள்ள ஆளு விழுந்துடுவான் சார்,” என்றாள். எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவதாகச் சொன்னான். நான்காவது இடத்தில் போனை எடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்கவே இல்லை. போனைக் காதில் வைத்தபடியே, “டேய், எல்லாரும் எறங்குங்கடா! அப்படியே மெதுவா எறங்குங்க! கயித்துல சாயாதீங்க!” என்று கத்தினார். இறங்கிவிட்டார்களா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினொரு பேரும் இறங்கியாயிற்று என்று அவர் சொல்லும் வரைக்கும் போனை வைக்கவில்லை. வைத்த பிறகு அழுதாள். குழாய்க்காரன் தோளைத் தொட்டான்.

“மூணாவது நான் பேசுறேன். குடு.”

“வேண்டாங்க.”

மணி வெகுநேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

“உங்களுக்கு வந்த பெல்ட்டு எதையும் இனிமே யாரும் போட வேண்டாங்க. தையல் தாங்காது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“அன்னிக்கே எல்லாத்தையும் கழட்டிப் போட்டாச்சு. இன்னிக்குத்தான் உங்களுக்கு விடிஞ்சுதா? நீங்க யாரு, அங்க மேனேஜரா?”

“இல்லைங்க. தைச்சவ.”

அந்தப் பக்கம் எங்கேயோ சுவரில் துளை போடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“அந்த ஆளு...” என்று ஆரம்பித்தாள்.

“அவரு சம்சாரம் இங்கதான் உக்காந்திருக்காங்க,” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “அவரு துணிமணிய எடுத்துட்டுப் போக வந்தவங்க. காலையிலேருந்து ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவரு அன்னிக்கு பெல்ட்டு போட்டிருந்தாரா இல்லையான்னு. போட்டிருந்தா எப்படி விழுவாருங்கிறாங்க. அவருதான் போடாம அசட்டையா ஏறிட்டாருன்னு மனசுல வச்சுக்கிட்டு, செத்தவரைத் திட்டித் திட்டி அழுறாங்க. நாங்க என்ன சொல்லியும் நம்பல. நீங்க சொல்றீங்களா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பட்டியலை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அவங்ககிட்ட போனைக் குடுங்க,” என்றாள்.